கலையும் அறிவியலும் ஒன்றுகூடும் அகாடமிகளில் உறுப்பினராவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஆராய்ச்சியும் செய்கிறேன், கலையிலும் இயங்குகிறேன். விஞ்ஞானிகளும் எழுத்தாளர்களும் இசைக்கலைஞர்களும் ஒரே அவையில் உட்காரும் அகாடமிகள் இருக்கின்றனவே, அவற்றில் எப்படிச் சேர்வது? விண்ணப்பம் போடலாமா? இதற்கிடையில், 'உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், கட்டணம் செலுத்துங்கள்' என்று ஓர் அகாடமியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. நம்பலாமா?"

மின்னஞ்சலைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். பழைய, மதிப்புள்ள அகாடமிகளில் பெரும்பாலானவற்றில் நாமாகப் போய்ச் சேர முடியாது. ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் நம்மை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், துறைக்குழு பார்க்க வேண்டும், கடைசியில் வாக்கெடுப்பு. பல இடங்களில் தன் பெயர் பரிசீலனையில் இருப்பதே சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாது. வாழ்த்துக் கடிதம் வந்த பிறகுதான் தெரியும்.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். ஆனால் கலையும் அறிவியலும் சேர்ந்த அகாடமிகளில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. அங்கே உங்களுக்கு வாக்களிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் உங்கள் துறைக்காரர்கள் அல்ல. ஒரு வேதியியலாளர் கவிஞரைப் பற்றி முடிவெடுக்கிறார். ஒரு வரலாற்றாசிரியர் கணித மேதையைப் பற்றி முடிவெடுக்கிறார். துறைக்குள் நீங்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், துறைக்கு வெளியே இருக்கும் ஒரு படித்த மனிதருக்கு உங்கள் வேலை புரியவில்லை என்றால் அந்த அவையில் உங்கள் பெயர் கவனிக்கப்படாமல் போய்விடும். இந்தப் பதில் முழுவதும் இதைச் சுற்றித்தான்.

இப்படி ஓர் ஏற்பாடு ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால் உள்ளே நடப்பது புரியும். 1700இல் பெர்லினில் லைப்னிட்ஸ் தலைமையில் ஓர் அறிவியல் சங்கம் தொடங்கினார்கள். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நாட்காட்டி விற்பனையிலிருந்து. பிராண்டன்பர்க் ஆட்சிப் பகுதியில் நாட்காட்டி அச்சிட்டு விற்கும் தனியுரிமையைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். வானியலும் கணிதமும் மட்டுமல்லாமல் மொழியும் வரலாறும் தொடக்கத்திலிருந்தே அதன் வேலைத்திட்டத்தில் இருந்தன. லைப்னிட்ஸே கணிதம், சட்டம், மொழியாராய்ச்சி, தத்துவம் எல்லாவற்றிலும் புழங்கியவர். அவருக்கு இது இயல்பான ஏற்பாடு.

எனக்கு இன்னும் பிடித்த உதாரணம் எடின்பரோ ராயல் சொசைட்டி. 1783இல் தொடங்கியபோதே இயற்பியல் வகுப்பு, இலக்கிய வகுப்பு என்று உறுப்பினர்களுக்கு இரண்டு பிரிவுகள் வைத்தார்கள். பூமியின் அமைப்பு எப்படி உருவாகிறது, எப்படி அழிகிறது, மறுபடி எப்படி உருவாகிறது என்ற ஜேம்ஸ் ஹட்டனின் கோட்பாடு முதன்முதலில் வாசிக்கப்பட்டது அங்கேதான், 1785 மார்ச் 7ஆம் தேதி. ஹட்டனுக்கு அன்று உடம்பு சரியில்லை. அவருடைய நண்பர், வேதியியலாளர் ஜோசப் பிளாக், கட்டுரையை வாசித்தார். நிலவியல் ஒரு தனித்துறையாக இன்னும் உருவாகாத காலம் அது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பல துறைக்காரர்கள். அதே சொசைட்டிக்கு 1820 முதல் 1832 வரை தலைவராக இருந்தவர் வால்டர் ஸ்காட், நாவலாசிரியர். ஒரு நாவலாசிரியர் தலைமை தாங்க, விஞ்ஞானிகள் கட்டுரை வாசித்திருக்கிறார்கள். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

லண்டனில் வேறு மாதிரி போயிற்று. அங்கே 1660இல் தொடங்கிய ராயல் சொசைட்டி இயற்கை அறிவியலோடு நின்றுகொண்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பன்னாட்டு அகாடமிகளின் கூட்டமைப்பு உருவானபோது, தத்துவம், வரலாறு, மொழியியல் ஆகியவற்றுக்கு பிரிட்டன் சார்பில் பேச ஆள் இல்லை. தங்களுக்குள் அதற்கென ஒரு பிரிவு தொடங்க ராயல் சொசைட்டி முன்வரவில்லை. அதனால் 1902இல் பிரிட்டிஷ் அகாடமி தனியாக வந்தது. பிரான்ஸில் இன்னொரு வழி. 1795இல் அமைந்த பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் ஒரே கூரை. இன்று அதன் கீழே மொழி, தொல்லியலும் கல்வெட்டும், அறிவியல், நுண்கலை, அறவியலும் அரசியலும் என்று ஐந்து அகாடமிகள். இந்தியாவில் அறிவியல் அகாடமிகள் தனி, இலக்கியத்துக்கு 1954இல் வந்த சாகித்திய அகாதெமி தனி.

ஆகவே "கலையையும் அறிவியலையும் இணைக்கும் அகாடமி" என்று கேட்டால் எல்லா நாட்டிலும் ஒரே பதில் கிடையாது. உண்மையிலேயே ஒரே உறுப்பினர் பட்டியலில் இரண்டையும் வைத்திருப்பவற்றில் முக்கியமானது அமெரிக்கக் கலை அறிவியல் அகாடமி. 1780இல், விடுதலைப் போர் முடிவதற்கு முன்பே, ஜான் ஆடம்ஸ், ஜேம்ஸ் பௌடின் முதலானோர் மாசசூசெட்ஸில் தொடங்கியது. கணிதமும் இயற்பியல் அறிவியலும், உயிரியல், சமூக அறிவியல், மானுடவியல் துறைகளும் (மொழி, வரலாறு, தத்துவம் போன்றவை) கலைகளும், தலைமையும் பொதுவாழ்வும் என ஐந்து வகுப்புகள். வெளிநாட்டவரைப் பன்னாட்டு கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வார்கள். குறுந்தொகையை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசேர்த்த ஏ. கே. ராமானுஜன் 1990இல் இங்கே தேர்வானார். ஐரோப்பாவில் சால்ஸ்பர்கில் 1990இல் தொடங்கிய ஐரோப்பிய அறிவியல் கலை அகாடமி இருக்கிறது. அதை உருவாக்கியவர்கள் மூவர்: இதய அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் உங்கர், கர்தினால் ஃபிரான்ஸ் கோனிக், தத்துவப் பேராசிரியர் நிக்கோலஸ் லோப்கோவிட்ஸ். மருத்துவரும் மதத்தலைவரும் தத்துவக்காரரும் சேர்ந்து தொடங்கியதால், அதன் வகுப்புகளில் கலைகளோடு உலக மதங்களுக்கும் இடம் உண்டு. 1988இல் வந்த அகாதெமியா யூரோப்பியா, டென்மார்க், நார்வே அகாடமிகள் ஆகியவையும் அறிவியலையும் மானுடவியல் துறைகளையும் ஒன்றாக வைத்திருப்பவை. டென்மார்க் அகாடமிக்கு நீல்ஸ் போர் 1939 முதல் 1962இல் இறக்கும்வரை தலைவராக இருந்தார். ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். மொழியியலாளரையும் வரலாற்றாசிரியரையும் சேர்ப்பது ஒன்று. ஓவியரையும் நடனக்கலைஞரையும் சேர்ப்பது வேறு. முதலாவதைப் பல அகாடமிகள் செய்கின்றன, இரண்டாவதைச் சில மட்டுமே. நெதர்லாந்து அறிவியல் அகாடமி கலைஞர்களுக்கென்று ஒரு தனி அவையைத் தனக்குள் தொடங்கியது 2014இல்தான். நீங்கள் கலை படைப்பவரா, கலையை ஆராய்பவரா என்பதைப் பொறுத்து உங்கள் வாசல் மாறும்.

சரி, முன்மொழிவுக்கு வருவோம். அந்தக் கடிதங்களை நான் எழுதியும் இருக்கிறேன், குழுவில் உட்கார்ந்து படித்தும் இருக்கிறேன். வழக்கமாக இவை இருக்கும்: ஒன்றிரண்டு பக்கத்தில் முன்மொழிபவரின் கடிதம், தன்விவரம், முக்கியமான படைப்புகள் அல்லது கட்டுரைகளின் குறுகிய பட்டியல், வெளியாட்களிடம் கேட்டு வாங்கும் கருத்துகள். குழு முழுதாகப் படிப்பது கடிதத்தைத்தான். இருநூறு வெளியீடுகளின் பட்டியலை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை.

தோற்றுப்போகும் கடிதம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். "உலகப் புகழ்பெற்றவர்", "பன்முக ஆளுமை", "அறிவியலையும் கலையையும் இணைக்கும் பாலமாகத் திகழ்பவர்." மூன்று வாக்கியம் ஆகிவிட்டது, அவர் என்ன கண்டுபிடித்தார் என்பது இன்னும் வரவில்லை. இதைப் படிக்கும் உயிரியலாளர் என்ன செய்வார்? அடுத்த கோப்பை எடுப்பார்.

நல்ல கடிதம் எப்படி என்பதற்கு, எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் வேலையையே எடுத்துக்கொள்வோம். சி. வி. ராமன் மிருதங்கம், தபலா பற்றிச் செய்த ஆராய்ச்சி. சாதாரணமாக இழுத்துக் கட்டிய ஒரு வட்டத் தோலைத் தட்டினால் அதன் மேற்சுரங்கள் (அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் உயர் ஒலிகள்) ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருக்கும். அதனால்தான் பல தோல்கருவிகளில் திட்டவட்டமான சுருதி கேட்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே போடும் கருப்புப் பூச்சு தோலின் எடையை மையத்தில் கூட்டுகிறது. அதனால் முதல் சில மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் முழுஎண் மடங்குகளாக வந்து விழுகின்றன, தந்திக் கருவியில் வருவதைப் போலவே. கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் காதால் கண்டுபிடித்துப் பூசியது, இயற்பியல் ரீதியாக ஒரு கடினமான சிக்கலுக்கான தீர்வு. பாருங்கள், ஐந்தே வாக்கியம். இசை தெரியாத இயற்பியலாளருக்கும் புரிகிறது, இயற்பியல் தெரியாத இசைக்கலைஞருக்கும் புரிகிறது. இரண்டு பேருக்கும் தங்கள் துறையைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரிகிறது. இந்த ஆராய்ச்சியின் விரிவான கட்டுரை வெளிவந்தது, 1934இல் ராமன் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமியின் இதழில், அதன் முதல் தொகுதியிலேயே. அந்த அகாடமி முழுக்க அறிவியலுக்கானது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாலம் நிறுவனத்தின் பெயரில் இல்லாவிட்டாலும் வேலையில் இருக்க முடியும்.

இரு துறையிலும் கால் வைத்தவர்களுக்கு உள்ளே ஒரு ஆபத்து காத்திருக்கிறது. கேட்டால் நம்ப மாட்டீர்கள், இணைப்பதற்கென்றே இருக்கும் அகாடமியில் இணைப்பவர்களே விடுபட்டுப் போவதுண்டு. காரணம் நிர்வாகம்தான். இறுதி வாக்கெடுப்புக்கு முந்தைய தேர்வு பிரிவு பிரிவாக நடக்கிறது. இசையின் ஒலியியலில் வேலை செய்பவரை இயற்பியல் பிரிவு "இவர் இசைக்காரர்" என்று தள்ளும். இசைப் பிரிவு "இவர் விஞ்ஞானி" என்று தள்ளும். இரண்டு பிரிவிலும் மூன்றாவது நான்காவது இடத்தில் நின்று, எதிலும் தேர்வாகாமல் போய்விடுவார். சில அகாடமிகள் இதைச் சரிசெய்யத் துறைகளுக்கு இடைப்பட்ட பிரிவு ஒன்றை வைத்திருக்கின்றன. அப்படி இல்லாத இடத்தில் என் யோசனை ஒன்றுதான். உங்களுக்கு எந்தத் துறையில் வேர் ஆழமோ அந்தப் பிரிவின் வழியாகவே போங்கள். அந்தத் துறையின் கறாரான அளவுகோலிலேயே நீங்கள் தேற வேண்டும். மற்ற துறையில் செய்தது கடிதத்தின் இரண்டாம் பாதியில் வரட்டும். "இரண்டிலும் பாதிப் பாதி" என்ற சித்திரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

முன்மொழியச் சொல்லி ஒருவரிடம் நாமே கேட்கலாமா? பெரும்பாலான அகாடமிகளில் வாக்குக் கேட்டு அலைவது அநாகரிகமாகவே பார்க்கப்படும். ஆனால் உங்களை நன்கு அறிந்த ஒரு மூத்தவரிடம், "என் வேலை அங்கே பொருந்துமா, உங்கள் கருத்து என்ன?" என்று கேட்பதில் தவறே இல்லை. அவருக்கு எண்ணம் இருந்தால் அவரே பேச்சை எடுப்பார். இதற்கு நேர்மாறான மரபும் உண்டு. நாற்பது இருக்கைகள் கொண்ட பிரெஞ்சு அகாடமியில் இடம் காலியானால் வேட்பாளரே கடிதம் எழுதித் தன் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும். உறுப்பினர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதும் அங்கே வழக்கம். மொழிக்கான அந்த அகாடமியில் லூயி பாஸ்டரும் 1881இல் தேர்வானார், கணிதமேதை ஆன்ரி புவான்கரேயும் 1908இல் தேர்வானார். இரண்டு பேரும் துறைக்கு வெளியே இருந்தவர்களும் படிக்கும்படி எழுதியவர்கள்.

யாரையும் தெரியாதே என்கிறீர்களா? அறிமுகம் என்பது விருந்தில் கைகுலுக்குவது அல்ல. மறுபக்கத்துக்காரர்கள் கூடும் இடத்தில் உரை நிகழ்த்துங்கள். அவர்களுடைய இதழில் எழுதுங்கள். அகாடமிகள் நடத்தும் பொதுச் சொற்பொழிவுகளுக்குப் போய்க் கேள்வி கேளுங்கள். அவர்கள் அறிக்கை தயாரிக்கும்போது கருத்துக் கேட்பார்கள். அப்போது எழுதி அனுப்புங்கள். அந்தக் காலத்தில் அகாடமிகள் கேள்வி ஒன்றை அறிவித்துக் கட்டுரைப் போட்டி வைக்கும். அறிவியலும் கலைகளும் மறுமலர்ச்சி பெற்றது ஒழுக்கத்தைத் தூய்மையாக்க உதவியதா என்று பிரான்ஸின் டிஜோன் அகாடமி கேட்டது. உதவவில்லை என்று வாதாடிய, அப்போது அதிகம் அறியப்படாத ரூசோ 1750இல் பரிசு பெற்றார். அறிவியலையும் கலையையும் வளர்க்கும் சபையிடமே அவற்றுக்கு எதிராக வாதாடி வென்றார். நல்ல அகாடமிக்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் முனைவர் பட்டம் முடித்துச் சில ஆண்டுகளே ஆனவர் என்றால், உங்களுக்கான வாசல் வேறு, அது திறந்தும் இருக்கிறது. ஜெர்மனியில் 2000இல் தொடங்கிய இளம் அகாடமி இந்த வகையில் முதலாவது. ஐம்பது உறுப்பினர்கள், ஐந்து ஆண்டு பதவிக்காலம், அதன் பிறகு இடத்தைக் காலி செய்ய வேண்டும். விஞ்ஞானிகளோடு கலைஞர்களையும் சேர்க்கிறார்கள். 2010இல் வந்த உலக இளம் அகாடமியில் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்; இருநூறு பேர், அதுவும் ஐந்து ஆண்டுக்கே. விண்ணப்பத்தில் உங்கள் ஆராய்ச்சியின் தரத்தோடு, உள்ளே வந்து என்ன வேலை செய்வீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். மூத்த அகாடமிகளை எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பதைவிட இது பலமடங்கு பயனுள்ளது என்பேன்.

இப்போது அந்த மின்னஞ்சல். கட்டணம் கேட்பது மட்டுமே மோசடிக்கு அடையாளம் அல்ல. எடின்பரோ ராயல் சொசைட்டி போன்ற நேர்மையான அமைப்புகளும் ஆண்டுச் சந்தா வாங்குகின்றன. 1754இல் லண்டனில் வில்லியம் ஷிப்லி தொடங்கிய ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் வெளிப்படையாக விண்ணப்பம் வாங்கிச் சந்தாவோடு ஃபெலோவாகச் சேர்த்துக்கொள்கிறது. அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அது சேர்ந்து பணிசெய்வதற்கான சங்கம், வாக்கெடுப்பில் கிடைக்கும் அங்கீகாரம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, தன்விவரத்தில் குழப்பி எழுதவும் கூடாது.

கவனிக்க வேண்டியது வேறு. உங்களை முன்மொழிந்தவர் யார் என்று எழுதிக் கேளுங்கள். முறையான அகாடமி பெயரைச் சொல்லும், அல்லது ரகசியம் காக்கும் தங்கள் விதியைச் சுட்டிக் காட்டும். போலி அமைப்பு மழுப்பும். உறுப்பினர் பட்டியலில் இருக்கும் பெரிய பெயர்கள் நான்கைந்தை எடுத்து, அவர்கள் தங்கள் சொந்தத் தன்விவரத்தில் இந்த அகாடமியைக் குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள். சட்டதிட்டமும் நிர்வாகக் குழுவும் பொதுவில் இருக்கின்றனவா? கடந்த ஆண்டு என்ன வெளியிட்டார்கள், என்ன கூட்டம் நடத்தினார்கள்? பட்டயம், பதக்கம், அங்கி, விருந்து என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை போட்டிருந்தால், ஒரு வாரத்துக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று அவசரப்படுத்தினால், பதில் எழுதவே வேண்டாம். பிரபலமான அகாடமியின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைத்துக்கொள்வதும் நடக்கிறது. பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நீங்கள் அனுப்பிய விவரத்தில் இதில் பல பொருந்துவதாகத் தெரிகிறது: கட்டணம் மட்டும்தான் தெளிவாக இருக்கிறது, யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இல்லை. முன்மொழிந்தவர் பெயர் வராமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

தேர்வாகாமல் போனால் மனம் உடைந்துவிடாதீர்கள் என்று வெறுமனே ஆறுதல் சொல்ல வரவில்லை. இந்த வாக்கெடுப்புகளின் பதிவே அப்படி இருக்கிறது. மேரி கியூரி 1911 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் அகாடமித் தேர்தலில் எட்வார் பிரான்லியிடம் மயிரிழையில் தோற்றார். அதே ஆண்டின் இறுதியில் இரண்டாவது நோபல் பரிசு பெற்றார். அந்த அகாடமி ஒரு பெண்ணை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்க 1979 ஆயிற்று, இவான் ஷோக்கே-புரூவா. அமெரிக்கக் கலை அறிவியல் அகாடமி வானியலாளர் மரியா மிட்செலை 1848இலேயே சேர்த்துக்கொண்டது. ஆனால் அடுத்த பெண் உள்ளே வர 1943 ஆயிற்று. தகுதி இல்லாததால் யாரும் வரவில்லை என்று இதைப் படித்துவிட்டு யாராவது சொல்ல முடியுமா? முன்மொழியவோ வாக்களிக்கவோ போதிய ஆள் இல்லை, அவ்வளவுதான்.

உள்ளே போன பிறகு என்ன? பெயருக்குப் பின்னால் எழுத்துகள் சேர்வதோடு நின்றுவிட்டால் அதனால் யாருக்கும் பயன் இல்லை. அமெரிக்க அகாடமியின் இதழ் 1960இல் ஆயுதக் கட்டுப்பாட்டுக்கென்றே ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. அணுகுண்டு பற்றி இயற்பியலாளரும் அரசியல் அறிஞரும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்தார்கள். எந்த ஒரு துறையும் தனியாகச் செய்திருக்க முடியாத வேலை அது. இப்படிப்பட்ட குழுக்களுக்கு உங்களை அழைப்பார்கள். சம்பளம் கிடையாது, நேரம் போகும், போங்கள். அகாடமி தன் கடமையைக் கைவிட்டால் வெளியே வரவும் தெரிந்திருக்க வேண்டும். நாஜிகள் ஆட்சிக்கு வந்த பின், 1933 மார்ச்சில் ஐன்ஸ்டீன் பெர்லினின் பிரஷ்ய அகாடமியிலிருந்து விலகிக் கடிதம் எழுதினார். லைப்னிட்ஸ் தொடங்கிய அதே அகாடமி.

உறுப்பினரானதும் உங்களுக்கும் முன்மொழியும் உரிமை வந்துவிடும். பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை, கடிதம் எழுதச் சோம்பல். உங்கள் துறையில், குறிப்பாக இரண்டு பிரிவுகளுக்கு நடுவே நின்று யார் கண்ணிலும் படாமல் வேலை செய்பவர்கள் யார் யார் என்று இப்போதே ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் செய்ததை ஐந்து வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். உங்களைப் பற்றிய ஐந்து வாக்கியத்தையும் அதே கோப்பில் எழுதி, வேறு துறை நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்குப் புரியாத வாக்கியத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.